பஞ்சுபோல் அமுங்கும் பிரேக் பெடல்: ஆலோசனை வேண்டும்

வணக்கம். டர்பன், சாட்ஸ்வர்த்தில் நான் புதுப்பித்துவரும் 1965 ஷெவர்லே சி10 பிக்கப்பில், முன்சக்கர டிரம்களை அகற்றி டிஸ்க் பிரேக் பொருத்தி, ஒற்றை மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் மிதியைப் பிரேக் திரவ அழுத்தமாக மாற்றும் உருளை) பதிலாக இரட்டைச் சுற்றுச் சிலிண்டர் மாட்டியதிலிருந்து பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது. அடுத்தடுத்து இருமுறை மிதித்தால் இறுகி, சற்றுப் பொறுத்தால் மீண்டும் தளர்ந்துவிடுகிறது.

எங்கும் கசிவில்லை. மனைவி பெடலை மிதிக்க, நான்கு சக்கரங்களிலும் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை இருமுறை வெளியேற்றினேன். கண்ணாடிக் குழாயில் கடைசியாக ஒரு குமிழிகூட வரவில்லை. காலிப்பர்கள் (டிஸ்கைப் பிடிக்கும் பாகம்) இடம் வலம் மாறி, காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் கீழே போய்விட்டதோ என்றும் பார்த்துவிட்டேன், மேலேதான் இருக்கிறது.

பின் டிரம்களுக்கும் அவற்றை உரசி நிறுத்தும் ஷூக்களுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் சரிசெய்யவில்லை (சோம்பல்தான்). அதுவே காரணமா, பின் இணைப்பில் 10 பி.எஸ்.ஐ. எச்ச அழுத்த வால்வு (பெடலை விட்ட பிறகும் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைப்பது) தேவையா, அல்லது சிலிண்டரின் உள்விட்டம் போதவில்லையா? இதே மாற்றத்தைச் செய்தவர்கள் எதை முதலில் சோதித்தீர்கள் எனத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். அதுவரை ஃபீல்ட்ஸ் ஹில் என்ற செங்குத்தான சாலை இறக்கத்துக்கு வண்டியைக் கொண்டுபோவதாக இல்லை.