கீழவீதி குடும்பங்கள், திருவாரூர்

கௌசல்யா: தேர் பந்தலுக்குள்ள பலூன்காரர் சிலிண்டர் நிக்குது. ஒட்டினாப்புல பஜ்ஜி அடுப்பு. ஹீலியம்ங்கிறார். நம்பலாமா?

செல்வம் (வெல்டிங்): சிவப்பு உடம்புன்னா ஹைட்ரஜன், பழுப்புன்னா ஹீலியம். ஆனா பெயிண்டை மாத்தி அடிச்சிருக்கலாம் அக்கா. ரெகுலேட்டர் மாட்டுற நட்டைப் பாருங்க. மூலையில வெட்டு இருந்தா இடது மரை, எரியுற கேஸ்.

கௌசல்யா: வெயில்லயே வெடிச்சுடுமா?

செல்வம் (வெல்டிங்): ஒழுங்கான சிலிண்டர் வெயிலுக்கு வெடிக்காது. 30 டிகிரியில உள்ள அழுத்தம் 150 பார்னா (பார்ங்கிறது அழுத்த அளவு) 60 டிகிரியில 165தான். தீ பட்டா நிலைமையே வேற. 600 டிகிரி வாக்குல எஃகு பாதி வலுவை இழந்துடும், அழுத்தமோ ஏறிக்கிட்டே போகும். காஸ்டிக் சோடாவும் அலுமினியமும் போட்டு பலூன்காரங்களே ஹைட்ரஜன் உண்டாக்குறது இன்னும் மோசம். அந்த வினையே சூடு கக்கும், உள்ள எவ்வளவு அழுத்தம்னு யாருக்கும் தெரியாது.

ராஜேந்திரன் சித்தப்பா (தீயணைப்பு): எனக்குப் பயமே பந்தல்தான்மா. ஹைட்ரஜன் காத்தைவிட 14 மடங்கு லேசு. வெட்டவெளின்னா மேல போயிடும், தார்ப்பாய்க்கு அடியில தங்கிடும். காத்துல 4 சதவீதத்துல இருந்து 75 வரைக்கும் எரியும். நைலான் துணி உரசுற பொறி போதும்.

வால்வுல தீ பிடிச்சு, வால்வை மூட முடியலைன்னா அணைக்கவே கூடாது. அணைச்சா எரியாத கேஸ் பந்தல்ல சேரும், அடுத்த பொறிக்கு மொத்தமா வெடிக்கும். பகல்ல அந்தச் சுவாலை கண்ணுக்கே தெரியாது, அனலும் அவ்வளவா அடிக்காது. அதுக்காகத்தான் காய்ஞ்ச விளக்குமாத்தை முன்னால நீட்டிப் பார்க்குற வழக்கம் இருந்துச்சு, நுனி பத்தினா அங்க தீ. நம்ம ஜனங்க அதுகூட பண்ண வேண்டாம். ஆளை விலக்கிட்டு 101.

சுட்ட சிலிண்டருக்கு மறைவுல நின்னு தூரத்துல இருந்து தண்ணி அடிக்கிறது எங்க ஆளுங்க வேலை. ஆவி பறந்தா இன்னும் சூடு. ஈரம் அப்படியே நின்னாத்தான் ஆறினதா அர்த்தம்.

ரஃபீக்: ஹைட்ரஜன் கார்லயும் இப்படித்தானா மாமா?

ராஜேந்திரன் சித்தப்பா (தீயணைப்பு): அது கார்பன் நார் சுத்தின டேங்க், 700 பார். நார் சூட்டைச் சீக்கிரம் உள்ள விடாது, அழுத்தம் பெருசா ஏறாது. ஆனா நாரைப் பிடிச்சிருக்குற பிசின் கருகி டேங்க் பலவீனமாயிடும். அழுத்தத்துக்குத் திறக்குற வால்வு அங்க உதவாது. அதான் 110 டிகிரி வாக்குல சூட்டுக்கே திறக்குற வால்வு வைக்கிறாங்க. தீ அந்த வால்வை விட்டு மறுமுனையை மட்டும் சுட்டா, அதுக்குத் தெரியாமலே போகலாம். சிக்கலே அங்கதான்.

கௌசல்யா: நட்டுல வெட்டு இருக்கு!

செல்வம் (வெல்டிங்): முதல்ல அடுப்பை அணைக்கச் சொல்லுங்க. அப்புறம் அவரையே வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழட்டி, தொப்பி போடச் சொல்லுங்க. உருட்ட வேண்டாம். தள்ளுவண்டி எடுத்துட்டு வர்றேன், கூட்டமில்லாத வெட்டவெளியில நிமிர்த்திக் கட்டிடலாம்.