மணல் சலிக்கும் ஜியோக்கள்: உங்கள் தொட்டியில் குஞ்சு பொரித்ததா?

குரோம்பேட்டையிலிருந்து:

டிஸ்கஸ், ஃப்ளவர்ஹார்ன், அரோவானா பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். மணலை வாயில் அள்ளிச் சலித்துத் தீனி எடுக்கும் தென் அமெரிக்க மீன் ஜியோஃபேகஸ், சுருக்கமாக ஜியோ. அதை வளர்ப்பவர்கள்தான் ஆளுக்கொரு மூலையில் கிடக்கிறோம். குஞ்சு எடுத்தவர்கள், எடுக்கப் பார்ப்பவர்கள், என்ன மீன், என்ன தண்ணீர், எப்படி முட்டையிட்டது என்று எழுதுங்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

என்னிடம் இருப்பது ரெட் ஹெட் தபஜோஸ். பிரேசிலின் தபஜோஸ் ஆற்று மீன். பல வருஷம் கடைப் பெயரோடு மட்டுமே திரிந்த இதற்கு 2022இல்தான் ஜியோஃபேகஸ் பைரோசெஃபாலஸ் என்று அறிவியல் பெயர் கிடைத்தது. சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் விரலளவுக் குட்டிகளாக வாங்கி, ஆறடிக்கு இரண்டடித் தொட்டியில் கூட்டமாக விட்டேன். ஜோடியாகக் கேட்டு வாங்காதீர்கள். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். "பேர் (ஜோடி) சார்" என்று காட்டுவது பெரும்பாலும் ஒரே வலையில் விழுந்த இரண்டு மீன். கூட்டமாக வளரவிட்டால் அவையே ஜோடி சேர்ந்துகொள்ளும்.

ஜோடி சேர்ந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது சுலபம். அதுவரை எல்லோரோடும் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு மீன் ஒரு தட்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைக் கிட்டே விடாது. கல்லைச் சுற்றி மணலை வாய் வாயாக அள்ளிப் போய்க் கொட்டும். கல்லின் மேல்பாகத்தைக் கொத்திக் கொத்திப் பாசி இல்லாமல் துடைக்கும். பெண் மெதுவாக ஊர்ந்து வரிசை வரிசையாக முட்டை வைக்கும், பின்னாலேயே ஆண் வரும். அதன் பிறகு பெண் முட்டை மேல் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், ஆண் வெளியே காவல். எங்கள் வெயிலில் மூன்றாம் நாள் வாக்கில் முட்டை பொரியும்.

நான் காத்திருந்தது அந்த நேரத்துக்குத்தான். பொரிந்த குஞ்சை, இன்னும் நீந்தத் தெரியாமல் துடித்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு பெற்றோரும் வாயில் வாரிக்கொள்கின்றன. தாடை கீழே பை மாதிரித் தொங்குகிறது. அவ்வப்போது எதிரெதிரே நின்று ஒன்று துப்ப இன்னொன்று வாங்கிக்கொள்ளும். குஞ்சுகள் நீந்த ஆரம்பித்த பிறகு பகலில் வெளியே விட்டு மேய்க்கும். கையைத் தொட்டிக்கு மேலே கொண்டுபோனால் போதும், பெற்றோர் பின்னோக்கி நகர்ந்து தலையைச் சிலுப்பும், குஞ்சுகள் அத்தனையும் வாயை நோக்கிப் பாயும். இடம் கிடைக்காத ஒன்றிரண்டு கன்னத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதையும் உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். நீந்தத் தொடங்கிய முதல் நாளே ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சுகளைத் தின்கின்றன, வேறு எதுவும் தேடி அலைய வேண்டாம்.

அம்பத்தூரிலிருந்து:

சார் சூப்பர். இரண்டு சந்தேகம். எம்-சாண்ட் போடலாமா? ஆற்று மணல் கிடைப்பதே இல்லை. போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) ஆயிரத்தைத் தாண்டுகிறது, இதில் வருமா?

கும்பகோணத்திலிருந்து:

மணல் கேள்விக்கு நான் சொல்கிறேன் தம்பி. எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். அது பாறையை உடைத்து எடுத்த தூள். ஒவ்வொரு துகளும் முனை முனையாக இருக்கும். இந்த மீன் என்ன செய்கிறது என்று கண்ணாடி அருகே உட்கார்ந்து ஒரு பத்து நிமிடம் பாருங்கள். மூக்கு முங்குகிற அளவுக்கு மணலில் குத்தி ஒரு வாய் அள்ளும். அப்படியே நிமிர்ந்து, வெற்றிலை போட்ட பெரியவர் மாதிரி நிதானமாக மெல்லும். செவுள் மூடியின் இரண்டு பக்கமும் மணல் மெல்லிய திரையாகக் கீழே ஒழுகும். தீனித் துணுக்கு மட்டும் உள்ளே நிற்கும். மிச்சத்தை வாய் வழியாகத் துப்பிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும். நாள் முழுக்க இதே வேலை. அவ்வளவு மணலும் செவுளுக்குள் போய் வருகிறது என்றால் முனையுள்ள மணல் என்ன செய்யும்? கூழாங்கல் தொட்டியில் விட்டால் புண் வராது, ஆனால் அது சலிக்கவே வழியில்லாமல் சும்மா நிற்கும். அப்படி வளர்ப்பதற்கு வேறு மீன் வாங்கலாம்.

வீடு கட்டும் இடத்தில் பழைய ஆற்று மணல் மிச்சம் கிடந்தால் ஒரு சாக்கு கேளுங்கள், தருவார்கள். மாவு சலிக்கிற சல்லடைக்கு அடுத்த அளவுச் சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சிப்பித் தூள் கலந்திருக்கிறது, தண்ணீரின் கடினத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். கடற்கரை மணல் அதனாலேயே ஆகாது. எதுவும் கிடைக்காவிட்டால் ஃபில்டருக்குப் போடும் உருண்டையான சிலிக்கா மணல் வாங்கலாம். உயரம் ஒன்றரை இரண்டு அங்குலம் போதும், அதற்கு மேல் போட்டால் அடியில் அழுகும். ஃபில்டர் உறிஞ்சுகுழாயில் ஸ்பாஞ்ச் மாட்ட மறக்காதீர்கள், மணல் போனால் இம்பெல்லர் (பம்பின் சுழலி) தேய்ந்துவிடும். செடி ஆசை இருந்தால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கட்டையில் கட்டிவிடுங்கள். நட்டு வைப்பதெல்லாம் காலையில் மிதக்கும்.

குரோம்பேட்டையிலிருந்து:

தண்ணீருக்கு நான். கடினத் தண்ணீரிலும் உயிரோடு இருக்கும், தின்னும், வளரும். எனக்கு முட்டை நன்றாகப் பொரிந்தது ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்த பிறகுதான். சூடு பிரச்சினையே இல்லை, தபஜோஸ் வெதுவெதுப்பான ஆறு, 28 முதல் 30 பாகை அதற்குப் பழக்கம். சென்னையில் ஹீட்டர் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். மே மாதத்தில் 32 தாண்டும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அப்போது கரண்ட் போனால்தான் ஆபத்து. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். மெட்ரோ வாட்டர் என்றால் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) போட்டுக் குளோரினை முறித்துவிட்டு ஊற்றுங்கள்.

டிடிஎஸ்ஸை விட, மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டைப் பாருங்கள். ஜியோவுக்கு அழுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. நெற்றியில் சின்னச் சின்னக் குழி விழ ஆரம்பித்தால் மருந்து தேடுவதற்கு முன் தண்ணீர் எப்போது மாற்றினோம் என்று யோசிப்பது நல்லது. வாரம் பாதித் தண்ணீர் மாற்ற முடியாதவர்களுக்கு இந்த மீனை நான் சிபாரிசு செய்வதில்லை.

மதுரையிலிருந்து:

அண்ணே, ஆறடித் தொட்டி, ஆர்ஓ எல்லாம் கேட்டு நம்மாளுங்க பயந்துரப் போறாங்க. நாலடித் தொட்டி, மதுரை போர் தண்ணி, இதுல எனக்கு வருஷம் முழுக்கக் குஞ்சு வருது. மீனு ரெட் ஹம்ப், அறிவியல் பேரு ஜியோஃபேகஸ் ஸ்டைண்டாக்னரி. கொலம்பியாவுல மக்தலேனா ஆத்துப் பக்கத்து மீனு. ஆணுக்கு வயசானா நெத்தியில செவப்புக் கூம்பு வரும், ஆண் பெண் குழப்பமே கிடையாது.

உங்க தபஜோஸ் மாதிரி இது குடும்பம் நடத்தாது. பெண்ணு முட்டை போட்ட கையோட வாயில எடுத்துரும், பொரியிற வரைக்கும் காத்திருக்கிற பேச்சே இல்ல. ஆணோட வாயோரத்துல மஞ்சளா ஒரு புள்ளி இருக்கும். பெண்ணு அங்க போய் வாயை வச்சு வச்சு வரும். அதோட ஆண் அடுத்த பெண்ணைப் பாக்கப் போயிரும். அதனால ஒரு ஆணுக்கு மூணு நாலு பெண்ணாவது வேணும், இல்லாட்டி ஒண்ணையே வெரட்டி வெரட்டிக் கொன்னுரும். வாயில முட்டை இருக்கிற பெண்ணைத் தனித் தொட்டிக்கு மாத்துறவங்க ராத்திரி வெளக்கு அணைச்சிட்டு மாத்துங்க, பகல்ல பிடிச்சா துப்பிரும்.

கோவையிலிருந்து:

வணக்கமுங்க. சிறுவாணித் தண்ணி வர்ற வீடுங்க நமக்கு, டிடிஎஸ் மீட்டர் ரொம்பக் கம்மியாத்தான் காட்டும். அந்தத் தைரியத்துல சட்டனோபெர்கா வாங்குனேன், ஜியோவுக்குச் சொந்தக்கார மீனுங்க, இதுவும் மணல் சலிக்கும். கடையில ஜுருபாரின்னு எழுதியிருந்தாங்க. மூஞ்சி, செவுள் மேல பூரா வெள்ளைப் பொட்டு இருந்துச்சு, அப்படின்னா அது கயானா பக்கத்து லியூகோஸ்டிக்டாங்க. ஜுருபாரின்னு விக்கிறதுல பெரும்பாலும் இதுதான்.

இது முட்டை வெச்சதும் மணலை வாயில கொண்டாந்து மேல போட்டு மூடிருதுங்க. மொத தடவை பாத்தப்ப முட்டை எங்க போச்சுன்னே தெரியல, கல்லு மேல மணல் மட்டும் கெடந்துச்சு. அப்புறம் ஒரு நாள் போல கழிச்சு ரெண்டும் சேந்து வாயில எடுத்துக்குது. மத்தபடி சாதுவான மீனுங்க. ஆஸ்கர் மாதிரி முரட்டு மீன் கூட விட்டா மூலையில ஒதுங்கித் தீனி எடுக்காது. தீனின்னா சின்ன, மூழ்குற பெல்லட்டா பல தடவை குடுங்க. ரத்தப்புழுவை அள்ளிக் கொட்டுனா வயிறு ஊதிக்கும்.

சட்டனோபெர்காவுலயே டீமன்ங்கிற இனம் யாராச்சும் வெச்சிருக்கீங்களா? பிரேசில் ரியோ நீக்ரோ ஆத்துப் பக்கத்துத் தண்ணி மாதிரி புளிப்பு (அமிலத்தன்மை) வேணும்னு பயமுறுத்துறாங்க.

ஸ்கார்பரோவிலிருந்து (கனடா):

வணக்கம் அண்ணைமார். உங்களுக்கு வெக்கை, எங்களுக்குக் குளிர். அந்தக் குளிரைப் பாவிச்சே ஒரு மண்தின்னி வளர்க்கலாம், ஜிம்னோஜியோஃபேகஸ் பால்சானி. பரானா, பராகுவே ஆறுகளின்ர மீன். அங்க உண்மையான குளிர்காலம் இருக்கு. அதுக்கு வருசம் முழுக்க 28 பாகையில வைச்சா நிறம் வராது, சினை ஒழுங்காப் பிடிக்காது, ஆயுசும் குறையும்.

நான் பேஸ்மென்டில ஹீட்டர் இல்லாமல் வைச்சிருக்கிறன். மார்கழி, தையில தண்ணி 17, 18 பாகைக்கு இறங்கும். அப்ப சாப்பாட்டையும் குறைச்சிடுவன். பங்குனிக்குப் பிறகு மெல்ல மெல்லச் சூட்டை ஏத்தி, அடிக்கடி தண்ணி மாத்தினா ஆணுக்கு நெத்தி வீங்கத் தொடங்கும். முட்டையைக் கல்லில வைக்கும், பொரிஞ்ச பிறகு தாய் மட்டும் வாயில எடுக்கும். தகப்பனுக்கு அந்தப் பக்கம் வேலையில்லை. இதைச் சென்னையில வளர்க்க ஆசைப்படுற ஆக்கள், சில்லர் (தண்ணியைக் குளிராக்கிற மிசின்) இல்லாமல் வேண்டாம். ஊட்டியில எண்டால் சரிவரலாம்.

குரோம்பேட்டையிலிருந்து:

டீமன் இங்கே யாரிடமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை கோவை நண்பரே. உங்கள் தண்ணீருக்கு நீங்கள்தான் முதல் ஆளாக இருக்க வேண்டும்.

ஜியோஃபேகஸ் சுரினாமென்சிஸ் என்று போர்டு பார்த்து வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மன் மீன் ஆய்வாளர் பிளாக் (Bloch) 1791இல் பெயர் வைத்த அசல் மீன் சுரினாம், மரோவைன் ஆறுகளில் இருப்பது, கடைக்கு வருவது அபூர்வம். அந்தப் பெயரில் வருவது வேறு ஏதாவது ஜியோவாகத்தான் இருக்கும். அதைத் தபஜோஸ் தொட்டியில் விட்டால் கலந்து இனப்பெருக்கம் செய்யும். பிறக்கும் குஞ்சுக்கு என்ன பெயர் சொல்லிக் கொடுப்பீர்கள்? ஒத்த சாயல் உள்ள இரண்டு இனத்தைச் சேர்த்து வைக்காதீர்கள்.

குஞ்சு மிஞ்சினால் ஏரியில் விடும் பழக்கமும் வேண்டாம். இதே கூட்டத்தைச் சேர்ந்த பிரேசிலியென்சிஸ் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் ஆற்றில் புகுந்து, அங்கேயே பெருகி நிற்கிறது. போரூர் ஏரியில் ஏற்கெனவே இருக்கும் ஜிலேபி போதும். மிஞ்சியதை நமக்குள் மாற்றிக்கொள்வோம். என்னிடம் ஒன்றரை அங்குலக் குட்டிகள் தயார். மதுரைத் தம்பி, ரெட் ஹம்ப் ஐந்தாறு தர முடியுமா? பஸ்ஸில் போடுவதானால் முந்தின நாள் தீனி நிறுத்திவிடுங்கள், ஆக்சிஜன் பாக்கெட், தெர்மாகோல் பெட்டி, ராத்திரி வண்டி. காலையில் தாம்பரத்தில் நான் வாங்கிக்கொள்கிறேன்.

மதுரையிலிருந்து:

தர்றேண்ணே. ஒரு ஆணு, மீதி பெண்ணு. வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியில போடுறேன்.