சனிக்கிழமை முதல் கவுன்சிலிங், என்ன கேப்பாங்க?

எல்லாருக்கும் வணக்கம். அப்பா தவறி எட்டு மாசம் ஆச்சு, இன்னமும் ராத்திரி மூணு மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கமே வரல, அரசோட மனநல ஹெல்ப்லைன் 14416 டெலி மானஸுக்கு போன் பண்ணேன், ரொம்ப பொறுமையா கேட்டுட்டு நேர்ல ஒரு சைக்காலஜிஸ்ட்ட பாருங்கனு சொன்னாங்க, சனிக்கிழமை மதுரைல அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு.

முதல் நாளே எல்லாத்தையும் சொல்லிரணுமா, இல்ல அவங்களே ஒவ்வொண்ணா கேப்பாங்களா? முக்கால் மணி நேரமாம், பாதிலயே அழுதுட்டா என்ன பண்றதுனு பயமா இருக்கு. மாத்திரை எழுதுறது சைக்கியாட்ரிஸ்ட் தான்னு தெரியும். 2017 மனநலச் சட்டப்படி நாம சொல்றத ரகசியமா வச்சுக்கணும்னு படிச்சேன், ஆனா அம்மா நானும் உள்ள வர்றேன்னு நிக்கிறாங்க, அவங்க மனசு நோகாம வெளிய உக்கார சொல்றது எப்படி? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.