ஸ்டென்ட் வைத்தவர் மெயின் ரோட்டில் வாக்கிங் போகலாமா?

தாம்பரத்தான்:
அப்பாவுக்கு 67 வயது. சமீபத்தில் ஆஞ்சியோ செய்து இதய ரத்தக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அப்பா நடக்கிறார், ஆனால் தாம்பரம் ஜி.எஸ்.டி. மெயின் ரோட்டு ஓரமாக, காலை எட்டரைக்கு, பஸ்ஸும் லாரியும் முட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில். இந்தப் புகையில் நடப்பதற்கு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்கிறாள் மனைவி. நடக்காமல் இருப்பதுதான் ஆபத்து என்கிறான் தம்பி. வீட்டில் தினம் இதே பஞ்சாயத்து. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிட்டயர்டு மெக்கானிக்:
உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. நான் 38 வருஷம் டீசல் ஒர்க்‌ஷாப்பில் நின்றவன். ராத்திரி மூக்கைச் சிந்தினால் கரி வரும். இப்போது 71 ஆகிறது, பிரஷர் மாத்திரைகூடக் கிடையாது. புகை நுரையீரலுக்குக் கெடுதல் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ரத்தக் குழாய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உப்பு, சர்க்கரை, பீடி, பரம்பரை, இந்த நாலையும் விட்டுவிட்டு பஸ் மேல் பழி போடுவது இப்போது ஃபேஷன்.

எக்கோ ரூம்:
சம்பந்தம் இருக்கிறது சார். இதே கேள்விக்காகவே லண்டனில் ஒரு சோதனை செய்தார்கள், 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 60 வயது தாண்டிய 119 பேர். ஒரு நாள் ஹைட் பார்க்கில் இரண்டு மணி நேர நடை, சில வாரம் கழித்து அதே ஆட்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் அதே நடை. அந்தத் தெருவில் அப்போது ஓடியதெல்லாம் பெரும்பாலும் டீசல் பஸ்ஸும் டாக்ஸியும்தான். பூங்காவில் நடந்தபோது இதய நோயாளிகளின் தமனி விறைப்பு, அதாவது ரத்தக் குழாயின் விறைப்பு (குறைந்தால் நல்லது), 19 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. தெருவில் நடந்தபோது 8.6 சதவீதம்தான். நோயே இல்லாதவர்களுக்கு வித்தியாசம் இன்னும் அதிகம்: அங்கே 24, இங்கே 4.6. நடையின் பலனில் பெரும்பகுதியைத் தெரு பிடுங்கிக்கொண்டது.

ரிட்டயர்டு மெக்கானிக்:
நீங்கள் சொன்ன கணக்கையே பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் நடந்தும் 8.6 குறைந்திருக்கிறதே! உட்கார்ந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. அப்புறம், பூங்காவில் குயில் கூவும், தெருவில் ஹாரன் அலறும். கூட்டம், எரிச்சல், பதற்றம். புகைதான் காரணம் என்று எப்படிப் பிரித்தார்கள்?

எக்கோ ரூம்:
நல்ல கேள்வி. மன அழுத்தத்துக்கும் பங்கு இருக்கலாம் என்பதை ஆய்வாளர்களே மறுக்கவில்லை. ஆனால் சத்தமே இல்லாத சோதனையும் உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஆய்வாளர்களும் ஸ்வீடன் ஆய்வாளர்களும் சேர்ந்து, ஏற்கெனவே மாரடைப்பு வந்து தேறிய 20 ஆண்களை ஒரு அறைக்குள் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒரு நாள் வடிகட்டிய காற்று, இன்னொரு நாள் நீர்த்த டீசல் புகை. ஒரு மணி நேரம்தான். புகை நாளில் ஈ.சி.ஜி.யில் இதயத்துக்கு ரத்தம் போதாத அறிகுறி கூடுதலாகத் தெரிந்தது. ரத்தக் கட்டியைக் கரைக்கிற டி.பி.ஏ. என்ற புரதம் சுரப்பதும் குறைந்தது. இது 2007-ல் வந்தது. பிறகு 2011-ல் அதே குழு, புகைக்குழாயில் வடிகட்டி மாட்டித் துகள்களை மட்டும் நிறுத்திப் பார்த்தது. வாயுக்கள் வந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் ரத்தக் குழாய் விரிவதில் புகை உண்டாக்குகிற கோளாறு பெருமளவு சரியாகிவிட்டது. ஆக, குற்றவாளி துகள்.

சைக்கிள்காரன்:
மூச்சில் போன துகள் ரத்தத்துக்குள் எப்படிப் போகும்? எனக்கு இதுதான் நம்பக் கஷ்டமாக இருந்தது. கரியை உடம்புக்குள் தேடுவதும் கஷ்டமாம். அதனால் எடின்பரோவில் தங்கத்தை நானோ துகளாக்கி 14 பேரைச் சுவாசிக்க வைத்தார்கள், 2017-ல் வெளியானது. மறுநாளே பலரின் ரத்தத்தில் தங்கம். மூன்று மாதம் கழித்தும் இருந்தது. கழுத்துத் தமனி அறுவைக்கு முன் சுவாசித்த நோயாளிகளின் கொழுப்புப் படிவிலும் தங்கம் சிக்கியது. தங்கம் விற்கிற விலைக்கு நல்ல முதலீடுதான்!

ரிட்டயர்டு மெக்கானிக்:
வடிகட்டி என்றதும் காது விறைத்தது. அதுதான் டி.பி.எஃப்., டீசல் துகள் வடிகட்டி. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புது டீசல் வண்டிகளில் அது இருக்கிறது. ஆனால் ஊருக்குள்ளேயே மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தால் வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து தீராது, அடைத்துக்கொண்டு டாஷ்போர்டில் எச்சரிக்கை லைட் வரும். செலவுக்குப் பயந்து அதைக் கழற்றி வீசச் சொல்கிறவர்களும் உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டில் கறுப்பாகக் கக்குகிற வண்டியைப் பார்த்தால் எனக்கு இரண்டு சந்தேகம்: ஒன்று பழசு, இல்லை கழற்றியது.

என் 38 வருஷத்துக்கு வருகிறேன். கூட நின்ற பார்ட்னர் 52 வயதில் மாரடைப்பில் போனார். ஆனால் அவர் தினம் இரண்டு கட்டு பீடி. அதை டீசல் கணக்கில் எழுத மாட்டேன். அந்தச் சைக்கிள் அறையில் எவ்வளவு புகை விட்டார்கள்?

எக்கோ ரூம்:
கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராம் துகள். அதிகம்தான், ஆனால் பெரும் நெரிசலில் சந்திக்கக்கூடிய அளவு. பி.எம்.2.5 என்கிற நுண்துகளுக்கு நம் நாட்டின் ஆண்டுச் சராசரி வரம்பு 40, உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 5. பார்ட்னர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், தனி ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதே நியாயம் உங்கள் 71 வயதுக்கும் பொருந்தும் சார்.

ரிட்டயர்டு மெக்கானிக்:
சரி, வாங்கிக்கொண்டேன். ஆனாலும் வீட்டில் உட்காரச் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது.

எக்கோ ரூம்:
அதை நானும் சொல்லவில்லையே. நடக்கட்டும், தெருவை மாற்றட்டும். லண்டன் ஆய்வில் இன்னொன்றும் உண்டு: இதய மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நோயாளிகளுக்குத் தெருப் புகையின் பாதிப்பு குறைவாக இருந்தது. மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது.

தாம்பரத்தான்:
அப்படியானால் அதிகாலை நாலரைக்கு ரோட்டிலேயே போகலாமா?

சைக்கிள்காரன்:
வண்டி குறைவுதான். ஆனால் மார்கழி, தை மாதங்களில் விடியுமுன் குளிர்ந்த காற்று தரையோடு படுத்திருக்கும், ராத்திரி லாரிப் புகை மேலே போகாது. 'காலைக் காற்று சுத்தம்' என்பதை அந்த மாதங்களில் நம்பாதீர்கள். ரோட்டிலிருந்து ஒரு தெரு உள்ளே போனாலே வித்தியாசம் தெரியும்.

தாம்பரத்தான்:
நேற்று அப்பாவிடம் பேசினேன். ரோட்டு முனை டீக்கடையில் பழைய ஆபீஸ் ஆட்கள் ஐந்து பேர் காத்திருப்பார்களாம், நடையே அதற்காகத்தானாம். ஏரிக்கரை வழியாகச் சுற்றி டீக்கடைக்கு வர ஒத்துக்கொண்டார்.

ரிட்டயர்டு மெக்கானிக்:
ஏரிக்கரையில் நாய்த் தொல்லை இருக்குமே?

தாம்பரத்தான்:
இருக்கிறது. தம்பி கூடப் போகிறான். அவன்தானே நடக்கச் சொன்னவன்.