புயல் இரவில் முடங்கிய எங்கள் தளம்: பெரிய ஹோஸ்டிங் திட்டத்துக்கு மாறுவதா, தரவுத்தளத்தைச் சீர்செய்வதா?

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, மீனவக் கிராமங்களுக்கும் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயிகளுக்கும் செய்தி உடனுக்குடன் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும் என்று நாங்கள் சிலர் சேர்ந்து 2012இல் ஒரு வேர்ட்பிரஸ் தளத்தைத் தொடங்கினோம். துறைமுகத்தின் அன்றாட மீன் விலை, வானிலை எச்சரிக்கை, ஊர்ச் செய்தி ஆகியவை அதில் வருகின்றன. விளம்பரம் கிடையாது, ஆண்டுச் செலவை நாங்களே பகிர்ந்துகொள்கிறோம்.

சாதாரண நாளிலேயே முகப்புப் பக்கம் திறக்க நான்கைந்து விநாடி ஆகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நேரத்தில் தளம் முழுவதுமாக விழுந்துவிட்டது. தரவுத்தளத்துடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற ஒற்றை வரியைத் தவிர வேறெதுவும் வரவில்லை. அடுத்த இரண்டு நாளும் தென்பெண்ணையில் வெள்ளம் பெருக்கெடுத்து, எந்த ஊருக்குள் தண்ணீர் வந்திருக்கிறது என்று மக்கள் தேடித் தேடிப் பார்த்த வேளையில், தளம் பத்து நிமிடம் வருவதும் அரை மணி நேரம் போவதுமாக இருந்தது. நம்பி வந்தவர்களுக்குத் தேவையான நாளில் உதவ முடியாமல் போனது இன்றளவும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

எங்களுடையது பகிர்வு ஹோஸ்டிங், அதாவது ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. ஒதுக்கப்பட்ட வரம்பைத் தாண்டிவிட்டோம், மூன்று மடங்கு விலையுள்ள திட்டத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்று நிறுவனத்தார் சொல்கிறார்கள். சுமார் 6,000 பதிவுகள், 27 பிளகின்கள் (கூடுதல் வசதிக்கான நிரல்கள்), 400 எம்பி அளவுள்ள தரவுத்தளம். இவ்வளவுதான் எங்கள் கணக்கு. அடுத்த வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும். பணம் கட்டுவதா, வேறு வழி உண்டா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.


லாஸ்பேட்டை நண்பன் (புதுச்சேரி) எழுதியது:

ஐயா, உங்கள் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் இருந்தால், ஒரு கோரிக்கை போய்த் திரும்பவே கால் விநாடி அளவுக்குப் பிடிக்கும். மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ மாற்றினால் அந்தத் தாமதம் வெகுவாகக் குறையும். முடிந்தால் ஒரு ஜிபி நினைவகம் உள்ள சிறிய விபிஎஸ் (உங்களுக்கென்றே ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு யாருடைய தளத்தின் சுமையும் உங்கள் தலையில் விழாது. கூடவே தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லில், ஒருமுறை கேட்ட கேள்வியின் விடையைச் சேமித்து வைக்கும் குவெரி கேஷையும் இயக்கிவிட்டால் வேகம் கூடும்.


வில்லியனூர் வாசி (புதுச்சேரி) எழுதியது:

லாஸ்பேட்டை நண்பர் தூரத்தைப் பற்றிச் சொன்னது சரிதான் என்றாலும், தூரத்தால் தளம் மெதுவாகுமே தவிர விழாது. விழுந்ததற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் இடம் மாறினால், நோயையும் மூட்டைகட்டிக்கொண்டு புதிய வீட்டுக்குக் குடிபோவதாக ஆகிவிடும். குவெரி கேஷ் என்னும் வசதி மைஎஸ்கியூஎல் 8.0இல், அதாவது 2018இலேயே, அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபியில் இன்னும் இருக்கிறது, ஆனால் இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். ஓர் அட்டவணையில் ஒரு வரி மாறினாலும் அந்த அட்டவணை சார்ந்த சேமிப்பு முழுவதும் செல்லாததாகிவிடுவதால், அடிக்கடி எழுதப்படும் தளங்களுக்கு அது உதவியதைவிட இடைஞ்சல் செய்ததே அதிகம்.

விபிஎஸ் எடுப்பதற்கு முன்னும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்தை உருவாக்கித் தரும் பணி ஒவ்வொன்றையும் பிஎச்பி வேலையாள் என்பார்கள். ஒரு வேலையாள் 60 எம்பி எடுத்துக்கொண்டால், பத்துப் பேர் சேர்ந்தால் 600 எம்பி போய்விடும். மைஎஸ்கியூஎல் அட்டவணைகளைச் சேமிக்கும் வகைகளில் ஒன்றான இன்னோடிபி தன் தரவை வைத்துக்கொள்ளும் நினைவகப் பகுதிக்கு இயல்பு அளவு 128 எம்பி. மீதியில் இயக்கமுறைமையும் மற்றவையும் பிழைக்க வேண்டும். கூட்டம் வரும் நாளில் நினைவகம் தீர்ந்து, லினக்ஸ் தானே முன்வந்து தரவுத்தளத்தைக் கொன்றுவிடும். அப்போதும் அதே பிழைச் செய்திதான் வரும். புயலில் மின்சாரமும் செல்போன் கோபுரமும் இல்லாத இரவில், கடலூரில் உட்கார்ந்துகொண்டு அந்த சர்வரை எழுப்பப்போவது யார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆகவே, கெடிலக்கரை ஐயா, முதலில் அளந்து பாருங்கள். குவெரி மானிட்டர் என்ற பிளகினை நிறுவி, நிர்வாகியாக உள்நுழைந்து முகப்பைத் திறந்தால், ஒரு பக்கத்துக்கு எத்தனை வினவல்கள் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள்) ஓடுகின்றன, எது எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது தெரிந்துவிடும். அடுத்து, தரவுத்தளத்தை உலாவியிலேயே நிர்வகிக்க உதவும் பிஎச்பி-மைஅட்மினில் அட்டவணைகளின் பட்டியலைத் திறந்து, வகை என்ற பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 2012இல் தொடங்கியதாகச் சொல்வதால்தான் இதைக் குறிப்பாகக் கேட்கிறேன். கடைசியாக, உங்கள் தளத்துக்கு அதிகக் கூட்டம் வரும் நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் பணிகளின் பட்டியலை அங்கேயே திறந்து சில நிமிடங்கள் கவனித்துவிட்டு, கண்டதை அப்படியே எழுதுங்கள்.


கெடிலக்கரை எழுதியது:

மிக்க நன்றி. எங்கள் தளத்துக்குக் கூட்டம் வருவது விடியற்காலையில்தான். துறைமுகத்தில் ஏலம் முடிந்து வஞ்சிரம், சங்கரா, நெத்திலி விலைகளை நாங்கள் பதிவேற்றியவுடன் வியாபாரிகள் மொத்தமாக வந்து பார்ப்பார்கள். இன்று காலை ஐந்தரை மணிக்குப் பணிப்பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் வரியில், அதிகம் படிக்கப்பட்டவை என்ற பக்கப்பட்டிப் பட்டியலுக்கான வினவல் மூன்று விநாடியாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, பார்வை எண்ணிக்கையை ஒன்று கூட்டுவதற்கான ஒரு வரி, அட்டவணைப் பூட்டுக்காகக் காத்திருப்பதாகக் காட்டியது. அதற்கும் கீழே பதினெட்டு வரிகள்; எல்லாம் வெறுமனே படிக்க வந்தவை, எல்லாவற்றுக்கும் எதிரில் அதே காத்திருப்பு. பட்டியலைப் புதுப்பித்தபோது அவை சட்டென மறைந்தன. சில விநாடி கழித்து அதே அடுக்கு மறுபடியும் வந்து நின்றது. முகப்புக்கு 71 வினவல்கள், மொத்தம் 3.9 விநாடி, அதில் 3.1 விநாடியை அந்த ஒரு பட்டியலே விழுங்குகிறது. வகைப் பத்தியில், பிற்காலத்தில் சேர்ந்த சில பிளகின்களின் அட்டவணைகளைத் தவிர எல்லாவற்றுக்கும் மைஐசாம் என்றுதான் இருக்கிறது. இடையில் இருமுறை ஹோஸ்டிங் நிறுவனம் மாறியிருக்கிறோமே, அப்போது இது மாறியிருக்க வேண்டாமா?


வில்லியனூர் வாசி எழுதியது:

நீங்கள் கண்ட அந்த இருபது வரிகளில்தான் புயல் இரவின் முழுக் கதையும் இருக்கிறது.

மைஎஸ்கியூஎல் 5.5 வரும் வரை, புதிய அட்டவணைகள் இயல்பாக மைஐசாம் என்ற பழைய சேமிப்பு வகையில்தான் உருவாகின. 5.5 பதிப்பு 2010 இறுதியிலேயே வெளிவந்து இன்னோடிபியை இயல்பாக்கிவிட்டது என்றாலும், பகிர்வு ஹோஸ்டிங் சர்வர்கள் பல அதற்குப் பின்னும் பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தன. வேர்ட்பிரஸ் தன் அட்டவணைகளுக்கு வகையைக் குறிப்பிடாமல் சர்வரின் இயல்பையே எடுத்துக்கொள்வதால், உங்களுடையவை மைஐசாமாகப் பிறந்தன. இடம் மாறும்போது எடுக்கும் நகல் கோப்பில் ஒவ்வோர் அட்டவணைக்கும் அதன் வகை எழுதியிருக்கும். புதிய சர்வர் அதை மதித்து அப்படியே உருவாக்கும். எனவே எத்தனை முறை குடிபெயர்ந்தாலும் அது மாறாது.

மைஐசாம் எப்படிப் பூட்டுகிறது என்பதற்கு ஏலக்கூடத்தில் ஒரே ஒரு பேரேடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் சுற்றி நின்று ஒன்றாகப் படிக்கலாம். எழுத ஒருவர் வந்துவிட்டால், ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் முடிக்கும் வரை அவர் நிற்க வேண்டும்; அவர் நிற்கும்போது, எழுதுபவருக்கே முன்னுரிமை என்பதால், புதிதாகப் படிக்க வந்தவர்களும் அவருக்குப் பின்னால் நிறுத்தப்படுவார்கள். உங்கள் தளத்தில் படித்து முடிக்க மூன்று விநாடி எடுத்துக்கொள்பவர் அந்த அதிகம் படிக்கப்பட்டவை பட்டியல். எழுத வந்தவர் பார்வை எண்ணி. பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவரும் இந்த இரண்டையுமே கூட்டிக்கொண்டு வருகிறார்கள். விடியற்காலையில் இருபது பேர் தேங்குவது புயல் இரவில் நூறாகும். காத்திருக்கும் பிஎச்பி பணிகளும் தரவுத்தள இணைப்புகளும் ஹோஸ்டிங் வரம்பை முட்டும். அதற்குப் பின் வருபவருக்குக் கதவு திறக்காது. வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று நிறுவனத்தார் சொன்னது பொய்யன்று. ஆனால் தாண்டியவர்களில் பெரும்பாலோர் எந்த வேலையும் செய்யாமல் வரிசையில் நின்றவர்கள். மூன்று மடங்கு விலை கொடுத்தால் வரிசை நீள இடம் கிடைக்கும், வரிசை கலையாது.

அந்தப் பட்டியல் ஏன் மூன்று விநாடி எடுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்வை எண்ணிக்கை, பதிவுகளின் கூடுதல் விவரங்களை வைக்கும் போஸ்ட்மெட்டா அட்டவணையில் எழுத்துச் சரமாகச் சேமிக்கப்படுகிறது. அந்தப் பத்திக்கு இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும், புத்தக அகராதிக் குறிப்பு போன்ற பட்டியல்) கிடையாது. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்க வேண்டுமென்றால், 6,000 பதிவுகளின் எண்ணிக்கையையும் எடுத்து, ஒவ்வொன்றையும் எண்ணாக மாற்றி, மொத்தத்தையும் வரிசைப்படுத்தி, அதிலிருந்து ஐந்தை மட்டும் காட்டிவிட்டு மீதியைத் தூக்கி எறிகிறது. இதை ஒவ்வொரு வாசகருக்கும் புதிதாகச் செய்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் தரவுத்தளத்தின் முழு நகலை எடுத்து உங்கள் கணினிக்கு இறக்கி, வேறொரு வெற்றுத் தரவுத்தளத்தில் ஏற்றி, அது திறக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். திறந்து பார்க்காத நகலை நம்ப வேண்டாம். இன்னோடிபிக்குக் கூடுதல் இடம் தேவைப்படும் என்பதால் வட்டு ஒதுக்கீட்டையும் பாருங்கள். பிறகு, மதியம் போல் கூட்டம் இல்லாத நேரத்தில் தளத்தைப் பராமரிப்பு நிலையில் வைத்து, பிஎச்பி-மைஅட்மினில் ஆபரேஷன்ஸ் பகுதிக்குச் சென்று ஒவ்வோர் அட்டவணையாக இன்னோடிபிக்கு மாற்றுங்கள். இன்னோடிபி ஒரு வரியைத் திருத்தும்போது அந்த வரியை மட்டுமே பூட்டும். படிக்க வந்தவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த வேளையில் எழுத்துக் குறிமுறையை மட்டும் தொடாதீர்கள். தமிழ் எழுத்துக் குறிகள் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட் எடுப்பவை. பழைய மூன்று பைட் அமைப்பிலும் புதிய நான்கு பைட் அமைப்பிலும் அவை ஒன்றுபோலவே அமர்கின்றன, வேகத்தில் லாபம் இல்லை. பழைய தளங்கள் சிலவற்றில் தமிழ் உரை லத்தீன் என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். விவரம் தெரியாமல் மாற்றினால் பன்னிரண்டு ஆண்டு எழுத்து முழுவதும் கிறுக்கலாகிவிடும். ஒரு நாளில் ஒரு மாற்றம் போதும்.

பார்வை எண்ணியை நீக்கிவிடுங்கள். மனமில்லையென்றால், பட்டியலையாவது மணிக்கு ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளும்படி மாற்றுங்கள்.


நெல்லிக்குப்பத்தான் எழுதியது:

வில்லியனூர் ஐயா விளக்கிய பிறகு எனக்குச் சொல்ல இரண்டு செய்திகளே மிஞ்சியிருக்கின்றன.

புயல் அறிவிப்பைப் பார்க்க வரும் எல்லோருக்கும் ஒரே பக்கம்தான் தேவை, யாரும் உள்நுழைவதில்லை. பக்கக் கேஷ் பிளகின் ஒன்றை நிறுவி, உருவான பக்கத்தை ஒரு நிமிடம் மட்டும் சேமித்து வழங்கச் செய்யுங்கள். விநாடிக்குப் பத்துப் பேர் வந்தால் நிமிடத்துக்கு 600 முறை உருவாக வேண்டிய பக்கம் ஒரு முறை உருவாகும். மீதி 599 பேர் தரவுத்தளத்தின் பக்கமே போகமாட்டார்கள். எச்சரிக்கை ஒரு நிமிடம் தாமதமாகப் போவதைத் தாங்கலாம், போகாமலே இருப்பதைத் தாங்க முடியாது.

இன்னொன்று, தளத்தின் அமைப்புகளை வைக்கும் ஆப்ஷன்ஸ் அட்டவணை. ஆட்டோலோடு என்று குறித்த வரிகள் அனைத்தையும் வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏற்றுகிறது. என்றோ நீக்கிய பிளகின்கள் விட்டுப்போன மிச்சங்களும் அதில் கிடக்கும். 6.6 பதிப்பிலிருந்து, இது 800 கேபியைத் தாண்டினால் தள நலப் பக்கமே எச்சரிக்கிறது. 27 பிளகின்களையும் ஒருமுறை உட்கார்ந்து பரிசீலியுங்கள்.


கெடிலக்கரை எழுதியது:

கடந்த வாரம் எல்லாவற்றையும் செய்து முடித்தோம். போஸ்ட்மெட்டாவை மாற்றத்தான் அதிக நேரம் பிடித்தது, அதுவும் ஆறு நிமிடம்தான். பார்வை எண்ணியையும் பட்டியலையும் எடுத்துவிட்டோம். எந்த வாசகரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பிளகின்கள் 27இலிருந்து 14 ஆகியிருக்கின்றன. கேஷ் இல்லாமலே முகப்பு 0.7 விநாடியில் உருவாகிறது. இன்று விடியற்காலை பணிப்பட்டியலைத் திறந்து அரை மணி நேரம் பார்த்தேன். என் சொந்த வரியைத் தவிர அநேகமாக எதுவும் நிற்கவில்லை. ஹோஸ்டிங் திட்டத்தை மாற்றவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. ஒரு மீனின் பழைய விலைகளைத் தேடும் பக்கம் இன்னும் எட்டு விநாடி எடுக்கிறது. விலைகளும் போஸ்ட்மெட்டாவில்தான் இருக்கின்றன.


வில்லியனூர் வாசி எழுதியது:

மனநிறைவாக இருக்கிறது, ஐயா. விலைகளுக்கென்று தனி அட்டவணை ஒன்றை உருவாக்கி, நாள், மீன், விலை என்று மூன்று பத்திகளை வையுங்கள். நாளைத் தேதி வகையாகவும் விலையை எண் வகையாகவும் வைப்பது முக்கியம். மீன், நாள் என்ற இந்த வரிசையிலேயே இரண்டுக்கும் சேர்த்து ஓர் இன்டெக்ஸ் போடுங்கள். உங்கள் வாசகர் கேட்பது சென்ற மாதம் வஞ்சிரம் என்ன விலை என்பதுதான். மீன் முதலில் இருந்தால், வஞ்சிரத்தின் வரிகள் எல்லாம் இன்டெக்ஸில் நாள்வாரியாக ஒரே இடத்தில் அடுக்கியிருக்கும், தரவுத்தளம் நேரே அங்கே போய் அந்த முப்பது வரிகளை மட்டும் எடுத்துவரும். நாள் முதலில் இருந்தால், அந்த மாதத்தின் எல்லா மீன்களையும் புரட்டித்தான் வஞ்சிரத்தைப் பொறுக்க வேண்டியிருக்கும். பழைய விலைகளைப் போஸ்ட்மெட்டாவிலிருந்து புதிய அட்டவணைக்கு எடுத்துச் செல்லும் வினவலை இந்த வார இறுதிக்குள் எழுதி இங்கேயே இடுகிறேன். அதற்கு முன் இன்னொரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.