காபிக் கடை ஸ்க்ரீன்ல டிப் கேக்குது: எவ்வளவு குடுக்கறது, அது யாருக்குப் போகுது?

டாலஸ்ல புதுசு:
வணக்கம். எச்-1பி வேலை விசாவுல அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. ஆஃபீஸ் கீழயே காபிக் கடை இருக்கு. கார்டைத் தட்டினதும் 18, 20, 25 சதவீதம்னு மூணு கட்டம் வருது. பின்னாடி வரிசை, எதிர்ல அந்தப் பொண்ணு. அவசரத்துல எதையாவது அமுக்கிட்டு வந்துடறேன். நின்னுக்கிட்டே வாங்கிட்டுப் போற காபிக்கும் ரெஸ்டாரன்ட் மாதிரி 20 சதவீதம் குடுக்கணுமா? இன்னொண்ணு, தங்கச்சி எஃப்-1 மாணவர் விசாவுல படிக்கிறா. காலேஜ் பக்கத்துக் காபிக் கடையில "சம்பளம் கம்மிதான், ஆனா டிப்ஸ் நல்லா வரும்"னு கூப்பிடறாங்களாம். சேரலாமா?

எச்-4 அக்கா:
தம்பி, ரெண்டாவது கேள்வியை முதல்ல எடுத்துக்கறேன். அதுல சறுக்கினா விசாவுல போய் நிக்கும். எஃப்-1ல இருக்கறவங்க கேம்பஸுக்குள்ள வேலை பாக்கலாம். வகுப்பு நடக்கற மாசங்கள்ல வாரத்துக்கு 20 மணி நேரம், லீவுல முழு நேரம். கேம்பஸுக்குள்ள மாணவர்களுக்காக நடக்கற கஃபேயை வெளிக் கம்பெனி எடுத்து நடத்தினாலும் பரவாயில்ல, அது இதுல அடங்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற கடை அடங்காது. "பேரோல்ல (சம்பளப் பட்டியல்ல) போடல, டிப்ஸ் மட்டும் கையில வாங்கிக்கோ"ன்னு எவனாவது நைசாப் பேசினாலும் அது வேலைதான், அதுவும் அனுமதி இல்லாத வேலை. காலேஜ் இன்டர்நேஷனல் ஆஃபீஸ்ல டிஎஸ்ஓகிட்ட (வெளிநாட்டு மாணவர் விசா விஷயத்தைப் பாத்துக்கற அதிகாரி) கேக்காம எதுக்கும் தலையாட்ட வேணாம்னு சொல்லு.

உனக்கும் இதேதான். ஸ்பான்சர் பண்ண கம்பெனியை விட்டுட்டு, சனி ஞாயிறு சிநேகிதன் கடையில கவுண்டர்ல நிக்கறதெல்லாம் வேணாம். எச்-1பி ஆளோட குடும்பமா எச்-4ல வந்தவங்களுக்கு ஈஏடிங்கற வேலை அனுமதி அட்டை இருந்தாத்தான் வேலை. நானும் அந்த அட்டை வந்தப்புறம்தான் காபிக் கடையில பாரிஸ்டாவாச் சேந்தேன்.

இப்ப உன் ஸ்க்ரீனுக்கு வருவோம். அந்த எண்களை வெச்சது கடைக்காரங்களும் மெஷின் செட்டிங்கும். சட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. உக்காந்து சாப்பிடற ரெஸ்டாரன்ட்ல 15லேர்ந்து 20 சதவீதம் எழுதாத கடன் மாதிரி. அங்க குடுக்காம எழுந்து வந்தா அது அவமரியாதைதான், அதுல பேரம் கிடையாது. காபிக் கவுண்டர் வேற கணக்கு. பியூ ரிசர்ச் சென்டர்ங்கற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2023ல எடுத்த சர்வேல, ரெஸ்டாரன்ட்ல உக்காந்து சாப்பிட்டா எப்பவும் இல்லன்னா பெரும்பாலும் டிப் வைப்பேன்னு சொன்னவங்க 92 சதவீதம். காபி வாங்கும்போது அப்படிச் சொன்னவங்க 25 சதவீதம்தான். அதாவது இங்க இருக்கறவங்கள்லயே பெரும்பாலானவங்க காபிக்கு வழக்கமா டிப் வைக்கறதில்ல, பல நாள் "நோ டிப்" அமுக்கிட்டுப் போறாங்க. கவுண்டர்ல நிக்கற பொண்ணும் அதைப் பாத்துப் பாத்துப் பழகிட்டா. அடுத்த ஆர்டர் ஸ்டிக்கர் ஏற்கனவே வெளிய வந்து தொங்கிட்டிருக்கும், உன் டிப்பை எட்டிப் பாக்க யாருக்கு நேரம்?

என் வழக்கத்தைச் சொல்றேன், இதை யாரும் விதியா எடுத்துக்க வேணாம். கேன்லேர்ந்து பிடிச்சுக் குடுக்கற வெறும் டிரிப் காபின்னா சில்லறை போடுவேன், சில நாள் அதுவும் இல்ல. எஸ்ப்ரெஸோ இறக்கி, பால் ஸ்டீம் பண்ணிக் குடுத்தா ஒரு டாலர். ஓட் மில்க், பாதி சர்க்கரை, நுரை கம்மி, கூடுதல் ஷாட்டுன்னு நானே தொல்லை குடுத்த நாள்ல ஒரு டாலருக்கு மேல போவேன். டீமுக்கு எட்டு பத்து டிரிங்க் சொல்லி, அட்டை டிரேல அடுக்கித் தரச் சொன்னா 15, 20 சதவீதம் நியாயம், ஏன்னா அந்தப் பத்து நிமிஷம் ஒரு ஆளோட முழு வேலையையும் நாம எடுத்துக்கறோம். பாட்டில் தண்ணி, பாக்கெட் பிஸ்கட், ஒரு பை காபிக்கொட்டை இதுக்கெல்லாம் எதுவும் வேணாம். மெஷின் அதுக்கும் கேக்கும், கேட்டா கேக்கட்டும்.

சின்ன பில்லுல ஒண்ணு கவனி. பத்து டாலருக்குக் கீழ போனா பல மெஷின் சதவீதத்தை விட்டுட்டு 1, 2, 3 டாலர்னு காட்டும். மூணு டாலர் காபிக்கு நடுவுல இருக்கற கட்டத்தை அமுக்கினா மூணுல ரெண்டு பங்கு டிப்பாப் போயிடும். "கஸ்டம்"னு ஓரத்துல சின்னதா இருக்கும், அதுல 50 சென்ட் போடலாம், யாரும் பிடிச்சுட்டுப் போக மாட்டாங்க. பில்லுல "சர்வீஸ் சார்ஜ்"னு ஏற்கனவே ஒரு வரி இருக்கான்னும் பாரு. அது இருந்தா மேல எதுவும் தேவையில்ல. ஆனா அந்தப் பணம் சட்டப்படி டிப் ஆகாது, கடையோட வருமானம். அதுல எவ்வளவு ஊழியருக்குப் போகுதுன்னு கேக்கறது தப்பில்ல.

சான் ஹோசே:
அக்கா சொல்றது கொஞ்சம் தாராளம்னு தோணுது. சில மாநிலத்துல ரெஸ்டாரன்ட் சர்வருக்கு அடிப்படைச் சம்பளமே மணிக்கு 2.13 டாலர், அதனால டிப் வைக்கணும், சரி. காபிக் கடையில முழு மினிமம் வேஜ் (சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம்) குடுக்கறாங்களே? கலிஃபோர்னியால 2025ல மணிக்கு 16.50 டாலர். அதுக்கு மேல நான் ஏன் போடணும்?

எச்-4 அக்கா:
போடாதீங்க அண்ணா, யாரும் கேக்கப் போறதில்ல. ஆனா நீங்க கலிஃபோர்னியால உக்காந்து பேசறீங்க, தம்பி டெக்ஸஸ்ல இருக்கான். ஃபெடரல், அதாவது மத்திய அரசு வெச்ச மினிமம் வேஜ் 2009லேர்ந்து மணிக்கு 7.25 டாலர்லயே நிக்குது, டெக்ஸஸ்லயும் அதுதான். டிப் வாங்கற ஊழியருக்கு முதலாளி கையிலேர்ந்து குடுக்க வேண்டிய குறைந்தபட்சம் 2.13, அது 1991லேர்ந்து மாறவே இல்ல. டிப்பும் சேந்து 7.25 வரலைன்னா மீதியை முதலாளிதான் போடணும். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா இந்த ஏழு மாநிலத்துல டிப்பைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கவே முடியாது. மத்த இடத்துலயும் பெரும்பாலான காபிக் கடைங்க 2.13 கணக்குக்குப் போறதில்ல, முழு மினிமமோ அதுக்கு மேலயோ குடுக்கறாங்க. இருந்தாலும் 'பெரும்பாலான'ங்கற வார்த்தையை நம்பி ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போடக் கூடாது.

தம்பி, "டிப்ஸ் நல்லா வரும்"ங்கற பேச்சை எப்படி எடை போடறதுன்னு கேட்டுக்கோ, தங்கச்சி எந்தக் கடையில சேந்தாலும் உதவும். வேலை விளம்பரத்துல "மணிக்கு 18 டாலர் வரைக்கும், டிப்ஸ் சேத்து"ன்னு போடுவாங்க. அதுல அடிப்படை எவ்வளவுன்னு தனியா கேக்கணும். வாடகையை அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ணணும்.

டிப் பிரிக்கறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, அந்தந்த ஷிஃப்ட்ல விழுந்ததை அன்னிக்கே பிரிக்கறது. இன்னொண்ணு, வாரம் முழுக்கச் சேத்து, மொத்த மணி நேரத்தால வகுத்து, ஒவ்வொருத்தர் மணி நேரத்தால பெருக்கறது. பேச்சுக்கு வெச்சுக்குவோம்: வாரத்துல டிப் ஜாடியும் கார்டும் சேந்து 900 டாலர், எல்லாருமாச் சேந்து பாத்தது 450 மணி நேரம். அப்போ மணிக்கு ரெண்டு டாலர். இருபது மணி நேரம் நின்ன பிள்ளைக்கு 40 டாலர். நீ போடற ஒரு டாலர் அவ கைக்கு அப்படியே போறதில்ல, விடிகாலையில கடை திறந்தவ, ராத்திரி மெஷின் கழுவினவ எல்லாருக்கும் சென்ட் சென்ட்டாப் பிரியுது.

ஷிஃப்ட் வாரியாப் பிரிக்கற கடைன்னா யாரு காலை ஷிஃப்ட்டுன்னு சண்டையே நடக்கும். ஆஃபீஸ் போற கூட்டம் காலையிலதான் வரும், பணமும் அப்பதான் விழும். மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து வெச்சு ஒரே கப்போட மூணு மணி நேரம் உக்காந்திருக்கறவங்க ஜாடிப் பக்கம் திரும்பவே மாட்டாங்க. (நம்மாளுங்களும் அதுல நிறைய. கோச்சுக்காதீங்க.) கார்ல இருந்தபடியே வாங்கற டிரைவ்-த்ரூவுல கார்டை நீட்டி வாங்கிட்டுப் போயிடுவாங்க, அங்கயும் கம்மி. கேம்பஸ் கஃபேன்னா கோடை லீவுல கடையே காத்து வாங்கும், கூட்டம் போனா டிப்பும் போச்சு. அதனால இன்டர்வியூல "போன மாசம் மணிக்கு சராசரியா எவ்வளவு டிப் வந்துச்சு, எப்படிப் பிரிச்சீங்க, கார்டு டிப் எந்தச் சம்பளத்தோட வரும்?"னு கேக்கலாம். ஒழுங்கான மேனேஜர் பட்டுனு சொல்லிடுவார். மழுப்பினா அதுவே பதில்.

சான் ஹோசே:
இப்பப் புரியுது. மேனேஜர் அந்த 900ல பங்கு எடுக்கலாமா?

எச்-4 அக்கா:
கூடாது. 2018ல ஃபெடரல் சட்டத்தைத் திருத்தி, முதலாளியோ மேனேஜரோ சூப்பர்வைசரோ மத்தவங்க டிப்புல கை வைக்கக் கூடாதுன்னு தெளிவா எழுதிட்டாங்க. சிக்கல் என்னன்னா, காபிக் கடையில ஷிஃப்ட் சூப்பர்வைசர்னு ஒரு நடு ஆள் உண்டு. சாவி அவர்கிட்ட இருக்கும், ஆனா நாள் முழுக்க காபியும் போடுவார். ஸ்டார்பக்ஸ் மேல இதுக்காகவே பெரிய வழக்கு நடந்துச்சு. 2008ல சான் டியேகோ கோர்ட், சூப்பர்வைசர்களுக்குப் போன டிப்பைத் திருப்பிக் குடுக்கணும்னு 10 கோடி டாலருக்கு மேல தீர்ப்பு சொல்லுச்சு. 2009ல அப்பீல்ல அது தலைகீழாப் போச்சு, அவங்களும் கஸ்டமருக்குக் காபி போட்டுக் குடுக்கறவங்கதானேன்னு. நியூயார்க்லயும் 2013ல மேல் கோர்ட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் வாங்கலாம்னு சொல்லிடுச்சு. ஆக, சட்டைல குத்தியிருக்கற பேர் முக்கியமில்ல. ஆளைச் சேக்கவும் நீக்கவும் அதிகாரம் இருக்கா, முக்கிய வேலையே நிர்வாகமா, கூட நின்னு வேலை பாக்கறாரா, அதைத்தான் பாப்பாங்க.

கார்டு டிப்புல கார்டு கம்பெனி எடுக்கற கட்டணத்தை ஊழியர் பங்குலேர்ந்து கழிச்சுக்க ஃபெடரல் சட்டம் விடுது. உங்க கலிஃபோர்னியால அதுவும் கூடாது, முழுசாக் குடுக்கணும், அடுத்த சம்பளத் தேதிக்குள்ள. எங்க வேலை பாத்தாலும் மணி நேரத்தையும் கிடைச்ச டிப்பையும் ஃபோன்ல தினம் குறிச்சு வெச்சா நல்லது. தகராறுன்னு வந்து வேஜ் அண்ட் அவர் டிவிஷன்ல (மத்திய தொழிலாளர் துறையோட சம்பளப் பிரிவு) புகார் குடுக்கப் போனா அந்தக் குறிப்புதான் பேசும்.

வரிக் கணக்கு:
நடுவுல வரேன். "டிப்ஸுக்கு வரி இல்ல"ன்னு வாட்ஸ்ஆப்ல சுத்துது, பாதிதான் சரி. 2025 ஜூலைல வந்த சட்டப்படி, 2025லேர்ந்து 2028 வரைக்கும் டிப் வருமானத்துல வருஷத்துக்கு 25,000 டாலர் வரை ஃபெடரல் வருமான வரிக்குக் கழிவு உண்டு. வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டினா, கணவன் மனைவி சேந்து தாக்கல் பண்ணா 3,00,000ஐத் தாண்டினா, அது குறைஞ்சுட்டே போகும். கல்யாணம் ஆனவங்க சேந்து தாக்கல் பண்ணாத்தான் கிடைக்கும், வேலை பாக்கச் செல்லுபடியாகற எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) இருக்கணும். கட்டாய சர்வீஸ் சார்ஜ்லேர்ந்து வந்த பணம் இதுல சேராது. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி (ஓய்வூதியம், முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கறது) 7.65 சதவீதம் வழக்கம்போலப் பிடிப்பாங்க. எஃப்-1 மாணவங்களுக்கு முதல் 5 காலண்டர் வருஷம் நான்-ரெசிடென்ட்டா (வரிக் கணக்குல வெளிநாட்டுக்காரரா) இருக்கற வரை அந்த 7.65 பிடிக்கக் கூடாது, தங்கச்சியோட பே ஸ்டப்ல (சம்பளச் சீட்டுல) அதைப் பாருங்க. ஒரு மாசத்துல கையில வந்த டிப் 20 டாலரோ அதுக்கு மேலயோ இருந்தா, அடுத்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள முதலாளிகிட்ட எழுதிக் குடுக்கணும். ஜாடிக் காசுதானேன்னு மறைச்சா, நாளைக்கு வீட்டுக் கடன் கேக்கும்போது அந்த வருமானம் உங்களுக்கு இல்லாததா ஆயிடும்.

டொரொன்டோ அண்ணா:
இஞ்ச கனடாவிலயும் உதே மெசின்தான் தம்பி, உதே முழிதான். ஒண்டாரியோவில டிப்ஸைச் சாட்டிச் சம்பளத்தைக் குறைக்கிற முறை இல்லை. மதுபானம் பரிமாறுறவைக்கு மட்டும் இருந்த குறைஞ்ச சம்பளத்தையும் 2022 ஜனவரியோட எடுத்துப்போட்டினம். கியூபெக்கில இப்பவும் டிப்ஸ் வாங்கிறவைக்குக் குறைஞ்ச சம்பளம்தான். ஆனா அங்க 2025 மே மாசத்தில இருந்து மெசின் காட்டிற டிப்ஸை வரிக்கு முந்தின விலையிலதான் கணக்குப் போட வேணும் எண்டு சட்டம். மற்ற இடங்களில வரியோட சேத்தும் கணக்குப் போடுவினம், அதைக் கவனிச்சுக் கொள்ளுங்கோ. நான் கோப்பிக்குச் சில்லறைதான் போடுறனான். ஸ்டூடன்ட் விசாவில வாற பிள்ளையள் படிப்பு நடக்கிற நேரத்தில கேம்பஸுக்கு வெளியில கிழமைக்கு 24 மணித்தியாலம் வேலை செய்யலாம், அது அமெரிக்காவில இல்லாத வசதி.

டாலஸ்ல புதுசு:
எல்லாருக்கும் நன்றி. தங்கச்சிகிட்ட பேசிட்டேன், வெளிக் கடையை விட்டுட்டு கேம்பஸ் கஃபேல கேட்டிருக்கா. லண்டன்ல இருக்கற சிநேகிதனும் இதே கேள்வி கேட்டான், அங்க எப்படி? அப்புறம், ஆப்ல ஆர்டர் பண்ணி எடுத்துட்டு வந்தா டிப் போடணுமா? தங்கச்சிக்கு எஸ்எஸ்என் இன்னும் வரல, சேர முடியுமா?

எச்-4 அக்கா:
லண்டன்ல கவுண்டர் காபிக்கு யாரும் எதிர்பாக்க மாட்டாங்க. போட்டா, 2024 அக்டோபர் 1லேர்ந்து அமல்ல இருக்கற சட்டப்படி அந்தப் பணம் முழுசா ஊழியருக்குப் போகணும், அதுவும் அடுத்த மாசம் முடியறதுக்குள்ள. ஆஸ்திரேலியால அதுவும் வேணாம். ஜப்பான் போனா மறந்தும் நீட்டாதே, மிச்சத்தை விட்டுட்டுப் போறீங்கன்னு பின்னாடியே ஓடி வந்து குடுப்பாங்க.

ஆப்ல ஆர்டர் பண்ணாலும் காபி போடறது ஒரு ஆள்தான், ஆனா டிப் போடறது உன் இஷ்டம்.

எஸ்எஸ்என்னுக்கு: வேலை உறுதியானதும் கஃபேலேர்ந்து ஒரு லெட்டர், டிஎஸ்ஓகிட்டேர்ந்து ஒரு லெட்டர், பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு), ஐ-20 (காலேஜ் குடுத்த மாணவர் விசாப் படிவம்) இதெல்லாம் எடுத்துட்டு சோஷியல் செக்யூரிட்டி ஆஃபீஸ் போகணும். வேலை ஆரம்பிக்க 30 நாளுக்கு மேல இருந்தா விண்ணப்பத்தை எடுக்க மாட்டாங்க, அதனால தேதி பாத்துப் போகச் சொல்லு. விண்ணப்பிச்ச ரசீது இருந்தா நம்பர் வர்றதுக்கு முன்னாடியே வேலையில சேரச் சட்டம் விடுது. அந்த கஃபே பேரோல் ஆளுங்க ஒத்துக்கறாங்களான்னு மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கச் சொல்லு.