ஆற்றுக்குள் ஒழுங்காக ஓடும் இஞ்சின் கொட்டியாரக் குடாவுக்கு வந்ததும் சூடேறுகிறது, உதவி தேவை (திருகோணமலை)

படகுவீடு:
எல்லோருக்கும் வணக்கம். படகு டீசல் இஞ்சின் பற்றித் தெரிந்தவர்கள் தயவுசெய்து முழுக்க வாசித்துப் பதில் சொல்லுங்கள். நானும் கணவரும் படகிலேயே வாழ்கிறோம், சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்தான், ஆகவே இஞ்சினை இழுத்துக்கொண்டுபோய் ஒரு கராஜில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற நிலை எங்களுக்கு இல்லை.

படகு 31 அடி ஃபைபர், பாய் கிடையாது, உள்ளே பொருத்திய மூன்று சிலிண்டர் டீசல், 27 குதிரைவலு. உள்சுற்றில் கூலன்ட் ஓடும். வெளித் தண்ணீரை இம்பெல்லர் (இதழ் வைத்த ரப்பர்ச் சக்கரம்) பம்ப் இழுத்து, கூலன்டின் சூட்டை வாங்குகிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக அனுப்பி, புகையோடு சேர்த்துப் பின்பக்கம் வெளியே தள்ளும். சித்திரையில் கடல் தணிந்த பிறகு உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரமாகப் போய் வருவோம், ஐப்பசியில் வாடை தொடங்க முன் உள்ளே வந்துவிடுவோம். இந்த முறை மகாவலி முகத்துவாரத்துக்குள், கங்கைப் பாலத்துக்குக் கீழே, நீண்ட நாள் நங்கூரத்தில் நின்றோம். நல்ல தண்ணீர், காற்று குறைவு, மூதூர்ச் சந்தையும் பக்கம்.

பிரச்சினை அங்கிருந்து வெளிக்கிட்டபோது தொடங்கியது. ஆற்றுக்குள் 1200, 1400 ஆர்பிஎம்மில் ஊசி 80 பாகையில் அசையாமல் நிற்கிறது. மணல் திடலைத் தாண்டி, மூதூரைப் பின்னால் விட்டு, துறைமுகத்தை நோக்கி வடக்கே திரும்பி 2200க்கு ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் 90, அப்புறம் 95, பிறகு அலாரம். வேகத்தைக் குறைத்தால் மெல்ல இறங்கிவிடும். பின்குழாயில் தண்ணீர் வருகிறது, ஆனால் கூடவே வெள்ளையாக ஆவியும் வருகிறது.

இம்பெல்லர் புதிது போட்டாயிற்று. கழற்றிய பழையதில் இதழ் ஒன்றும் உடையவில்லை. வடிகட்டியில் ஆற்றுவாழை வேரும் மணலும் இருந்தன, கழுவிப் போட்டோம். பெல்ட் இறுக்கம் சரி, கூலன்ட் மட்டம் சரி. பார்க்க வந்த மெக்கானிக் ஹீட் எக்ஸ்சேஞ்சரையே மாற்றச் சொல்கிறார், அது கொழும்பிலிருந்து வர வேண்டும், விலையும் பெரிது. கணவர் கடலின் உப்புத்தான் காரணம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் நிரூபிக்கத் தெரியவில்லை. காசைக் கொட்ட முன் காரணத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

இன்னொன்று, இது கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற காலம். குடாவுக்குள் இஞ்சின் நின்றால் காற்று எங்களை வெளிக்கடலுக்குத்தான் தள்ளும். அந்தக் குடாவின் ஆழம் தெரிந்தவர்களுக்கு என் பயம் புரியும்.

கரைவலை:
தெர்மோஸ்டாட்டை, அதுதான் சூடானால் மட்டும் கூலன்டுக்குத் திறக்கிற வால்வை, கழற்றி எறியுங்கள் அக்கா. எங்கள் பக்கம் பலநாள் போட் எல்லாவற்றிலும் அதைத்தான் செய்வார்கள். தண்ணீர் தடையில்லாமல் ஓடும், சூடு தானாக இறங்கும்.

பழைய டீசல்:
தம்பி, குறை நினைக்காதீர்கள், அது மருந்தில்லை. தெர்மோஸ்டாட் இல்லாமல் ஆற்றுக்குள் மெதுவாக ஓடும்போது இஞ்சின் தேவையான சூட்டுக்கே வராது, டீசல் முழுதாக எரியாமல் கரி படியும். சில இஞ்சின்களில் அதைக் கழற்றினால் கூலன்ட் குறுக்கு வழியால் திரும்பி ஓடி இன்னும் கூடச் சூடேறும். சந்தேகம் இருந்தால் கழற்றி ஒரு சட்டியில் தண்ணீர் காய்ச்சி அதற்குள் போட்டுப் பாருங்கள், அதில் அடித்திருக்கிற பாகையில் திறக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும். ஆனால் இவர்களுடைய கதையில் வெள்ளை ஆவி இருக்கிறது. தெர்மோஸ்டாட் இருப்பது உள்சுற்றில். பின்குழாயில் ஆவி வந்தால் வெளித் தண்ணீர் போதாது என்று பொருள். நான் அந்தப் பக்கமாகத்தான் தேடுவேன்.

உப்பு பற்றியும் சொல்கிறேன். கடல்நீர் நேரடியாக இஞ்சினுக்குள் சுற்றுகிற வகையில், சூடு 60 பாகையைத் தாண்டினால் உப்பு படியத் தொடங்கும், அதனால்தான் அவற்றைக் குறைந்த சூட்டில் ஓட விடுகிறார்கள். உங்களுடையது கூலன்ட் வகை. ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களில் உப்பும் சுண்ணாம்பும் படியலாம், மறுக்கவில்லை. ஆனால் அது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். திடலுக்கு உள்ளே சரி, வெளியே பிழை என்று ஒரே நாளில் மாறாது.

வாழைச்சேனை போட்:
இரண்டு கேள்வி. வேகம் கூட்டும்போது கறுப்புப் புகை வருகிறதா? நீண்ட நாள் நின்ற படகு என்றால் படகைத் தள்ளுகிற விசிறியில் (புரொப்பெல்லரில்) சிப்பி பிடித்து இஞ்சினுக்குச் சுமை ஏறியிருக்கலாம், அப்போதும் சூடேறும். இரண்டாவது, படகின் அடியில் வெளித் தண்ணீர் உள்ளே வருகிற வால்விலிருந்து பம்ப் வரைக்கும் போகிற ஹோஸ் உள்ளே கம்பிச் சுருள் வைத்ததா, அல்லது சாதாரண ரப்பரா? சாதாரண ஹோஸ் பம்ப் இழுக்கிற இழுப்பில் உள்நோக்கிச் சப்பிவிடும். மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது, வேகம் கூட்டினால்தான் சப்பும். இஞ்சின் ஓடும்போது ஒருவர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். பெல்ட்டுக்குக் கிட்டக் கை போகாமல் கவனம்.

படகுவீடு:
பதில்களுக்கு மிக்க நன்றி. கறுப்புப் புகை இல்லை. விசிறியில் பிடித்திருந்தவை ஆற்றில் நின்றபோதே செத்துவிட்டன, சுரண்டியும் விட்டோம். ஹோஸ் கம்பி வைத்ததுதான், பிடித்துப் பார்த்தேன், சப்பவில்லை.

கிண்ணியா நானா:
தங்கச்சி, 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முன், பாதையில் (ஆட்களை ஏற்றுகிற மிதவையில்) ஏறி அக்கரை போன காலத்திலிருந்து நான் போட் இஞ்சின் வேலை பார்க்கிறேன். சாமான் வாங்க முதல் ஒரு வாளியை எடுங்கள், அதுதான் முதல் மீட்டர்.

படகு தண்ணீரில் நிற்கட்டும். ஒருவர் பின்குழாய்க்குக் கீழே பத்து லீட்டர் வாளியைப் பிடிக்க, மற்றவர் கைபேசியில் நேரம் பார்க்கட்டும். முதலில் 1000 ஆர்பிஎம்மில், அப்புறம் 2000இல். இம்பெல்லர் பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளுகிற சாமான். வேகம் இரட்டித்தால் தண்ணீரும் கிட்டத்தட்ட இரட்டிக்க வேண்டும், வாளி பாதி நேரத்தில் நிறைய வேண்டும். நேரம் மாறாவிட்டால் பம்ப் கேட்கிற தண்ணீர் அதற்குக் கிடைக்கவில்லை, எங்கோ அடைப்பு. நேரம் சரியாகப் பாதியாகியும் சூடேறுகிறது என்றால்தான் ஹீட் எக்ஸ்சேஞ்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

மாப்பிள்ளை உப்பு என்று சொன்னதற்கும் சோதனை இருக்கிறது. கடலுக்குப் போகவே வேண்டாம். முகத்துவாரத்துக்கு உள்ளே, ஆழம் பார்த்து, நங்கூரம் நன்றாகப் பிடித்திருக்கும்போது, கியரில் போட்டு 2200 வரை ஏற்றுங்கள். நல்ல தண்ணீரிலும் சூடேறினால் உப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆற்றுக்குள் நீங்கள் வேகமாக ஓடியதே இல்லை, அதனால்தான் அங்கே சரி என்று தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

படகுவீடு:
நானா, இரண்டையும் செய்தோம். நல்ல தண்ணீரிலும் 2200இல் ஊசி ஏறிவிட்டது, அலாரம் வர முன் நிறுத்திவிட்டேன். வாளிக் கணக்கு: 1000இல் 58 செக்கன், 2000இல் 54 செக்கன். கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. கணவரும் இப்போது உப்பை விட்டுவிட்டார். ஆக அடைப்பு என்பது நிச்சயமா? அது பம்புக்கு முன்னாலா பின்னாலா என்று எப்படிப் பிரிப்பது?

கிண்ணியா நானா:
அடைப்புத்தான். எந்தப் பக்கம் என்று பிரிப்பதும் லேசு. உங்கள் வடிகட்டி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா? இருந்தால் இஞ்சினை நிறுத்திவிட்டு, அடித்தட்டு வால்வு திறந்திருக்கும்போதே வடிகட்டி மூடியைக் கழற்றுங்கள். தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி வர வேண்டும், கையால் மூடினாலும் தள்ள வேண்டும். அப்படி வந்தால் வடிகட்டி வரை சுத்தம், அதற்குப் பிறகு தேடலாம். சோம்பலாக ஊறி வந்தால் வடிகட்டிக்கு முன்னால், ஹோஸிலோ வால்விலோ அதற்குக் கீழேயோ அடைப்பு.

மூடியைத் திறக்க முதல் வால்வுக் கைப்பிடி லேசாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். இறுகிப்போயிருந்தால் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். வால்வுத் துவாரத்துக்குப் பொருந்துகிற மரத்தக்கை ஒன்றும் ஒரு சுத்தியலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வீட்டுக்குள் கடல் வர விடக் கூடாது.

பழைய டீசல்:
நானா சொன்னதோடு ஒன்று. யாராவது படகுக்கு அடியில் இறங்கிப் பார்ப்பதென்றால் இஞ்சின் சாவியைக் கழற்றி இறங்குகிறவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

படகுவீடு:
கண்டுபிடித்துவிட்டோம்! கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

வடிகட்டி மூடியைத் திறந்தபோது தண்ணீர் வந்தது, ஆனால் பொங்கவில்லை, ஊறியது. கணவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தார். வெளியே உள்ள வலைத்தட்டு சுத்தமாகத்தான் தெரிந்தது, சுரண்டும்போது அதையும் சுரண்டியிருந்தோம். வால்வை மூடி, மேலே ஹோஸைக் கழற்றினேன். வால்வுக்கு மேல் ஹோஸ் வளைகிற முழங்கையில் விரலை விட்டால் ஏதோ கரகரவென்று தட்டியது. சிப்பி ஓடுகள், அரிசிமணி அளவிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு வரை, ஒன்றன் மேல் ஒன்றாக இறுகி, இடையில் ஆற்றுவாழை வேர் கோத்து, வண்டல் பூசி, நடுவில் ஒரு பென்சில் போகிற அளவுக்குத்தான் துவாரம். அந்தத் துவாரத்தால் போகிற தண்ணீர் 1400 ஆர்பிஎம் வரை போதுமாக இருந்திருக்கிறது.

அதையெல்லாம் எடுத்த பிறகு, ரப்பர்த் தோணிக்குக் காற்றடிக்கிற கால்பம்பை ஹோஸ் முனையில் பொருத்தி, வால்வைத் திறந்து கீழ்நோக்கி அடித்தோம். இன்னும் ஓடுகள் வெளியே போயின, கடைசியில் காற்று தடையில்லாமல் குமிழி விட்டது. திரும்ப மூடியைத் திறந்தபோது தண்ணீர் என் கையைத் தள்ளியது. வாளி 1000இல் 49 செக்கன், 2000இல் 25. நேற்றுக் காலை காற்று எழும்ப முன் குடாவைக் கடந்தோம், 2200இல் ஊசி 81. பின்குழாயில் ஆவி இல்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஆற்றுக்குப் போக முன் கடலில் நன்றாகத்தானே ஓடியது? நல்ல தண்ணீரில் கடல் சிப்பி வளராதே?

கிண்ணியா நானா:
அல்ஹம்துலில்லாஹ், சந்தோஷம் தங்கச்சி. வளரவில்லை, செத்தது. அவை கடலில் நின்றபோதே குழாயின் உள்சுவரில் பிடித்திருக்கும், சுவரோடு ஒட்டி இருக்கும்வரை தண்ணீர் நடுவால் போகும். நல்ல தண்ணீரில் நாட்கணக்கில் நின்றதும் செத்து, பிடி விட்டு, ஓடுகள் கழன்று பம்ப் இழுக்கிற பக்கமாகப் போய் முழங்கையில் கூடிவிட்டன. படகின் அடியைச் சுத்தமாக்க ஆற்றுக்குள் கொண்டுபோய் நிறுத்துவது நல்ல வழக்கம், கடலோடிகள் பலரும் செய்வார்கள். ஆனால் ஆற்றை விட்டு வெளியே போக முன் அந்த ஹோஸைக் கழற்றி ஒருதரம் ஊதிவிட வேண்டும்.

பம்பின் முன்தட்டையும் கழற்றிப் பாருங்கள். மகாவலி மணல் அதை வட்டமாகத் தேய்த்திருக்கும். கோடு ஆழமாக விழுந்திருந்தால் தட்டைத் திருப்பி மறுபக்கத்தைப் போடலாம், புதிய கேஸ்கட் ஒன்றோடு.

பழைய டீசல்:
ஹீட் எக்ஸ்சேஞ்சரில் சிங்க் (துத்தநாக) கட்டை, அதாவது மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரைந்து காக்கிற கட்டை, இருந்தால் அதையும் இப்போதே பாருங்கள். நல்ல தண்ணீரில் சிங்கின் மேல் ஒரு வெள்ளைத் தோல் படிந்து அது வேலை செய்வதை நிறுத்திவிடும், திரும்பக் கடலுக்கு வந்தாலும் அந்தத் தோல் உடனே போகாது. கம்பித் தூரிகையால் தேயுங்கள், அல்லது மாற்றுங்கள். உங்களைப் போல ஆறும் கடலுமாக வாழ்கிறவர்கள் படகின் அடியில் அலுமினியக் கட்டை போடுவது நல்லது, அது உப்பிலும் உவரிலும் வேலை செய்யும். பழைய கட்டை உடைந்து துண்டு உள்ளே கிடக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் அடைக்கும்.

வாழைச்சேனை போட்:
இனிமேல் குடாவைக் கடக்கும்போது ஒரு விஷயம். நடுவில் கடலடிப் பள்ளத்தாக்கு இருப்பதால் நங்கூரத்தை நம்ப முடியாது, அது தரை தட்டாது. கச்சான் காலத்தில் முடிந்தவரை மேற்குக் கரையை ஒட்டி, நங்கூரம் பிடிக்கிற ஆழத்துக்குள்ளேயே போங்கள். தூரம் கூடும், பரவாயில்லை. தோணியின் சின்ன அவுட்போர்டை மடித்து உள்ளே வைக்காமல் மாட்டியே வைத்திருங்கள், பக்கவாட்டில் கட்டினால் அது படகை மெதுவாகவாவது கரைக்குத் தள்ளும். வீஎச்எஃப் ரேடியோ அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலிலேயே இருக்கட்டும்.

படகுவீடு:
அலுமினியக் கட்டைக்குச் சொல்லிவிட்டோம், முன்தட்டை நாளை கழற்றுகிறேன். மேற்குக் கரையால் போவது பற்றிக் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன், ஒத்துக்கொண்டார். வால்வுக்கும் வடிகட்டிக்கும் இடையில் முழங்கை இல்லாமல் நேராக ஏறுகிற மாதிரி வடிகட்டியை இடம் மாற்றலாம் என்று பார்க்கிறோம். அப்படி மாற்றினால் வடிகட்டி தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே வரும். அது பரவாயில்லையா?

கிண்ணியா நானா:
பரவாயில்லை, மேலே இருந்தால் வால்வை மூடாமலே கழுவலாம். ஆனால் மூடி ரப்பர் கொஞ்சம் தேய்ந்தாலும் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும், கழுவிய பிறகு தண்ணீர் ஊற்றி நிரப்பித்தான் மூட வேண்டும். அந்த ரப்பர் வளையத்தில் இரண்டு வாங்கிப் படகில் வைத்துக்கொள்ளுங்கள்.